விலை கொடாத நகல் ஹலாலாகுமா?

புதுப் படம் ஒன்று திரையரங்கிற்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் அது நம்மவர் கைத்தொலைபேசிகளில் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள்; யாரும் கூசுவதாகத் தெரியவில்லை. முன்பு இரவுச் சந்தையில் திருட்டுத் தட்டு விற்றது. 2007இல் அந்தத் தட்டுகளை மோப்பம் பிடிக்கவென்றே லக்கி, புளோ என்ற இரண்டு நாய்களை இந்நாட்டிற்குத் தருவித்தார்கள். இன்று மோப்பம் பிடிக்கத் தட்டே இல்லை.

இது களவாகுமா என்று கேட்டால், வியாபார சகோதரர்கள் சொல்லும் முதல் நியாயம் இது: "கடையிலிருந்து அரிசி மூட்டையை ஒருவன் எடுத்தால் கடைக்காரனுக்கு மூட்டை குறைகிறது. படத்தை நகல் எடுத்தால் படத்துக்காரனுக்கு என்ன குறைந்தது?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர் வியாபாரியாயிருந்தால் பதிலும் அவர் கடையிலேயே இருக்கிறது. கிள்ளானில் ஒருவர் இருபது வருஷமாக மசாலாத்தூள் அரைத்துத் தம் பெயரிட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறொருவர் அதே பெயரையும் அதே உறையையும் அச்சடித்து, தம் தூளை அடைத்து விற்கிறார். முதலாமவர் கிடங்கில் ஒரு கிராம் தூள் குறையவில்லை. அதற்காகப் பேசாமலிருப்பாரா? வக்கீலைத் தேடிப் போவார், போகவும் வேண்டும். குறைந்தது தூள் அல்ல. அந்தப் பெயரால் அவருக்கு வரவேண்டிய வரும்படி.

இவ்விரண்டையும் ஆலிம்கள் ஒரே தராசில் வைத்திருக்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, வியாபாரப் பெயர், வியாபாரச் சின்னம், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை யாவும் அவரவர்க்குரிய பாத்தியதை என்றும், ஷரீஅத் அவற்றைக் காக்கிறது, மீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. உங்கள் கடைப் பெயரும் இன்னொருவர் இயற்றிய பாட்டும் ஒரே தீர்மானத்தில் நிற்கின்றன. தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறர்க்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கண்டிப்பது தராசு பிடிக்கும் நமக்குத் தெரியாததல்ல.

கருத்து வேற்றுமை இல்லாமலில்லை. பாகிஸ்தானின் முப்தி முஹம்மது ஷபீ சாகிபு பதிப்புரிமையை விற்கத்தக்க சொத்தாகக் கொள்ளவில்லை. அவருடைய மகன் முப்தி தகீ உஸ்மானீ கொள்கிறார். என் மனம் மகன் பக்கமே சாய்கிறது. ஒரு நூலை நகலெடுக்கவும் அச்சுக்கூடமும் முதலும் வேண்டியிருந்த காலம் வேறு; ஒரு விரல் தட்டினால் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரும் காலம் வேறு.

இன்னொரு நியாயமும் உண்டு: "சினிமாவே ஹராம்; ஹராமான பொருளில் அவனுக்கு என்ன உரிமை?" இதைக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஹராமென்று கருதுபவர் பார்க்காமலிருக்க வேண்டும். இலவசமாய்ப் பார்ப்பதற்கு அது எப்படி வழியாகும்? இதற்கு நிகரான மஸ்அலா பிக்ஹில் இருக்கிறது. இஸ்லாமிய ஆட்சிக்குள் வாழும் முஸ்லிமல்லாதவரின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டிவிட்டால், விலையை ஈடு செய்ய வேண்டும் என்பது ஹனபி மத்ஹபு. ஈடு இல்லை என்பது ஷாபிஈ மத்ஹபு. ஆனால் ஈடு இல்லை என்றவர்களும் அந்த மதுவை எடுத்துக் குடிக்கலாமென்று சொல்லவில்லை!

படத்துக்காரர் எல்லோரும் கோடீஸ்வரர் என்பதும் சரியல்ல. இந்நாட்டுத் தமிழர் எடுத்த 'ஜகாட்' 2015இல் வெளிவந்தது. 2016இல் 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வாயிற்று. அத்தகைய படத்திற்கு இங்கே டிக்கெட் வாங்குவோர் எத்தனை பேர்? அந்தச் சிறு கூட்டத்திலும் பாதிப்பேர் நகலில் பார்த்தால் அடுத்த படம் எடுப்பவர் யார்?

பூட்டைத் திறந்து காட்டும் பெட்டிகளை விற்கும் கடைகளும் உண்டு. "நான் பெட்டிதானே விற்கிறேன்" என்பார்கள். 2022 மார்ச் 18 முதல் அமலிலிருக்கும் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் அதை ஏற்பதில்லை. 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 200,000 வெள்ளி வரை அபராதமும், 20 வருஷம் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது.

அனுப்பலாமென்று ஆலிமே சொல்லிய பயானைத் தாராளமாய் அனுப்பலாம். 2015இல் மறைந்த நாகூர் இ. எம். ஹனிபா சாகிபின் பழைய இசைத்தட்டு ஒன்று எங்கும் விலைக்குக் கிடைக்கவில்லையென்றால், வைத்திருப்பவர் மற்றவர்க்குக் கேட்கக் கொடுப்பதையும் நான் குற்றமாக எண்ணமாட்டேன். ஆனால் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பலர் விசாரிப்பதேயில்லை.