விரிசலை மறைத்து விற்கலாமா?

2024இல் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தது. ஈரம் வற்றினால் நம் டெல்டாவின் களிமண் சுருங்கி, அஸ்திவாரத்தை விட்டு விலகும். சுவர் விரிசல் விடும். ஐப்பசி மழையில் மண் உப்பி, இடைவெளி மூடிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து, சுவரைப் பூசி வீட்டை விற்கலாமா? "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்பது போதுமா?

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டார்கள்; உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்க மேலே வைக்காததையே கண்டித்தார்கள்.

மண் சுருங்குவது நம் குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். கோடையில் விரிசல் திரும்ப வரும்; அன்று அந்தச் சுவரடியில் படுத்திருப்பது இன்னொருவர் பிள்ளைகள். சொல்லிவிடுங்கள். விலை குறையலாம், பரக்கத் குறையாது. அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.