இரவல் சொர்க்கம்

'ஒடுக்கப்பட்டவனுக்கு மதம் எதுக்கு?' நம்ம கூட்டங்களில் இந்தக் கேள்வி வராத நாளில்லை. எசமான் குடுத்த சாமிய அடிமை கும்பிட்டா அடிமைத்தனம்தான் நீளும் என்கிறார்கள் தோழர்கள். இதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பேச ஒரு கறுப்பினப் படைப்பாளியிடம் போக வேண்டியிருக்கிறது.

ஸ்பென்சர் வில்லியம்ஸ் 1893இல் லூசியானாவில் பிறந்தவர். கறுப்பருக்குத் தனிக் கொட்டகை, தனி இருக்கை என்றிருந்த அமெரிக்காவில் கறுப்பருக்கென்றே படம் எடுத்தார். 1941இல் டெக்சாஸில் சுமார் 5,000 டாலரில் எடுத்தது 'இயேசுவின் இரத்தம்'. முதல் போட்டவர் வெள்ளையர். எழுதி, இயக்கி, நடித்தவர் வில்லியம்ஸ்.

ஞானஸ்நானம் பெற்று வீடு வந்த மார்த்தா, புருசனின் துப்பாக்கி விழுந்து வெடித்ததில் குண்டடிபட்டுச் சாகக் கிடக்கிறாள். சபையார் கட்டிலைச் சுற்றிப் பாடுகிறார்கள், செபிக்கிறார்கள். அவள் ஆவி நரகத்துக்கும் சீயோனுக்கும் பிரியும் சந்தியில் தவிக்கிறது. சிலுவையிலிருந்து சொட்டும் இரத்தம் முகத்தில் விழ, பிழைக்கிறாள்.

வெறும் பிரசங்கம்தானே என்று தள்ளலாம். ஆனா பாருங்க, அன்றைய ஹாலிவுட்டில் கறுப்புப் பெண் என்றால் பெரும்பாலும் வேலைக்காரி. இங்கேயோ அவளோட ஒத்தை உசுருக்காக வானமும் நரகமும் மல்லுக்கட்டுது. அந்த நாட்டுச் சட்டம் அவளுக்கு வைக்காத மதிப்பை இந்த விசுவாசம் வைத்தது. பாடுறவங்க, அழுவுறவங்க, ஆத்துல முக்கி எடுக்குறவங்க எல்லாம் அவங்க சனமே.

இடறும் இடங்களும் உண்டு. சாத்தான் லாரியில் ஜாஸ் வாத்தியக்காரர்களோடு வருகிறான். சொந்தச் சனத்தின் இசையே பிசாசுக்குப் போய்விட்டது. சொர்க்கக் காட்சிக்கோ 1911இல் வந்த இத்தாலியப் படமான 'இன்ஃபெர்னோ'விலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார். மண்ணு அவங்களது, சொர்க்கம் இரவல்.

1951இல் இதே மனிதர் தொலைக்காட்சியில் 'ஏமாஸ் அண்ட் ஆண்டி' தொடரின் ஆண்டியாக நடித்தார். வானொலியில் வெள்ளையர்கள் கறுப்பர் குரலில் பேசிச் சிரிக்க வைத்த பாத்திரம் அது. கறுப்பர் உரிமைச் சங்கம் எதிர்த்தது. பத்து வருசத்துக்கு முன்னால் தன் சனத்துக்குக் கண்ணியம் குடுத்த கைக்கு, பிழைப்பு வேறொரு வேசத்தைக் குடுத்தது.

எங்க ஊர்க் கோயிலிலும் ஆண்டவர் ஒருத்தர்தான். கல்லறைக்கு நடுவுல மட்டும் சுவரு. அதனால 'மதம் வேணுமா, வேணாமா' என்று மட்டும் கேட்டு நிறுத்த என்னால் முடியவில்லை. அண்ணல் 1956இல் நாகபுரியில் மதத்தையே உதறச் சொல்லவில்லை; பழையதை விட்டார், புதியதற்கு 22 உறுதிமொழிகளைத் தானே வகுத்தார். விசுவாசம் நமக்கு மதிப்பைத் தருதா, இரவல் சொர்க்கத்தைக் காட்டி நம்ம பறையையும் பாட்டையும் பிசாசுன்னு பிடுங்குதா? கும்பிடுறவங்களும் கும்பிடாதவங்களும் சேர்ந்து கேக்க வேண்டிய கேள்வி இதுதான்.