பெயர் எழுதப்படாத இருவர்

சங்கராபுரத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சிலர் கூடிப் படிக்கிறோம். கல்லூரி மாணவிகள் நான்கைந்து பேர், சத்துணவு அமைப்பாளர் ஒருவர், ஆசிரியைகள் இருவர். சென்ற முறை நாங்கள் படித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அரசாங்கக் கடிதம். படித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அந்த ரெண்டு பேரோட பேர் என்னக்கா?”

கடிதத்தில் பெயர் இல்லை.

எழுதியவர் இளைய பிளினி. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ரோம ஆளுநர். கிறிஸ்தவர்கள் என்று காட்டிக்கொடுக்கப்பட்டவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனிடம் கேட்கிறார். அதுவரை தான் செய்துவந்ததையும் சொல்கிறார். நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பது, மூன்று முறையும் ஆமென்றால் கொலைக்களம். ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் ரோமுக்கு அனுப்பிவைப்பது. இல்லை என்பவர்கள் பேரரசரின் உருவத்துக்கு முன் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துக் காட்ட வேண்டும்.

முன்பு கிறிஸ்தவர்களாக இருந்து விலகியவர்கள் அவரிடம் விவரமாகவே பேசியிருக்கிறார்கள். குறித்த நாளில் விடியுமுன் கூடுவோம், பாடுவோம். திருடமாட்டோம், பிறன்மனை சேரமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுப்போம். பிறகு ஒருமுறை கூடிச் சாதாரண உணவு சாப்பிடுவோம். சங்கங்களுக்கு நீங்கள் தடை போட்டதும் அதையும் நிறுத்திவிட்டோம். இதே பிளினி, நிக்கோமேதியா நகரில் தீ விபத்துக்குப் பிறகு 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்க அனுமதி கேட்டபோது டிராஜன் மறுத்தவர். எந்தப் பெயரில் கூடினாலும் அது அரசியல் சங்கமாகிவிடும் என்று பயந்தார். மகளிர் குழு தொடங்கும்போது வீட்டு ஆண்கள் சிலர் சொன்னதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல.

இவ்வளவு கேட்ட பிறகும் ஆளுநருக்கு நிறைவில்லை. உண்மையை அறிவது இன்னும் அவசியம் என்று தோன்றியதாம். அதற்காக அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்தார். அவர்கள் சபையில் ‘மினிஸ்ட்ரே’ என்று அழைக்கப்பட்டவர்கள் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அளவு மீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று முடிக்கிறார்.

பிளினி கொடூர மனம் படைத்தவர் அல்ல. படித்தவர், நண்பர்களுக்கு அழகாகக் கடிதம் எழுதியவர். அவர் செய்தது சட்டப்படியான நடைமுறை. அடிமையின் வாக்குமூலம் சித்திரவதையில் பெறப்பட்டால்தான் ரோம நீதிமன்றத்தில் செல்லும். சுதந்திர மனிதனுக்கு மானம் உண்டு, அவன் சத்தியம் செய்தால் போதும். அடிமைக்கு மானம் இல்லை, ஆகவே உண்மையை அவள் உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் தர்க்கம். ஒருத்தியின் சொல் உண்மை என்று ஏற்கப்பட அவள் உடம்பு என்ன விலை தரவேண்டும்? இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் கடிதத்தைப் படிக்க எடுத்தேன்.

இது எங்கோ நடந்தது என்று தள்ளிவிடவும் முடியாது. பிளினியைத் தத்தெடுத்த தாய்மாமன் மூத்த பிளினி. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று கணக்கெழுதியவர் அவர்தான். சீனாவையும் அரேபியாவையும் சேர்த்தால் 10 கோடி. பழியை ரோமின் சொகுசின் மீதும் பெண்கள் மீதும் போட்டார். மிளகு தின்ற ஆண்களைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை! அந்தப் பணத்தில் ஒரு பகுதி கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்தது. அவற்றில் திபேரியு பேரரசரின் வெள்ளிக்காசுகளும் உண்டு. சீசருக்கு வரி கொடுக்கலாமா என்ற கேள்வியோடு இயேசுவிடம் நீட்டப்பட்டதும் இதே வகைக் காசுதான் என்று பலரும் கருதுகிறார்கள்.

‘மினிஸ்ட்ரே’ என்றால் ஊழியம் செய்யும் பெண்கள். கிரேக்கத்தில் ‘தியாக்கொனொஸ்’ என்பதற்கு ஈடாக இந்தச் சொல் வந்திருக்க வேண்டும். கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் அந்தக் கிரேக்கச் சொல்லால்தான் அறிமுகப்படுத்துகிறார். பழைய தமிழ் வேதாகமம் பெபேயாளை ஊழியக்காரி என்கிறது, பவுலையும் ஊழியக்காரன் என்கிறது. மொழிபெயர்த்தவர்கள் ஓரவஞ்சனை செய்யவில்லை. நம் காதுதான் செய்கிறது. ஊழியக்காரர் வருகிறார் என்றால் எழுந்து நின்று நாற்காலி போடுகிறோம். ஊழியக்காரி என்றால் பாத்திரம் துலக்குகிறவள் நினைவுக்கு வருகிறாள். விலைக்கு வாங்கப்பட்ட இரண்டு பெண்கள் ஒரு சபையில் பொறுப்பில் இருந்தார்கள் என்பதற்கு, அவர்களை வதைத்தவரின் கடிதமே சாட்சியாக நிற்கிறது.

அதற்காகச் சபையைத் தலையில் தூக்கிவைக்கவும் எனக்கு மனமில்லை. பிறன்மனை சேரமாட்டோம் என்ற உறுதியை அந்தப் பெண்களும் எடுத்திருப்பார்கள். எசமான் கூப்பிட்டால் மறுக்க முடியாத ஒருத்தி அந்த உறுதியை எப்படிக் காப்பாற்றுவாள்? அடிமையிடம் எசமானுக்குக் கீழ்ப்படி என்று சொன்ன நிருபங்கள் இந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. பெண் அமைதியாகக் கற்கட்டும் என்று கட்டளையிட்டதும் புதிய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. 380-ல் கிறிஸ்தவம் பேரரசின் மதமான பிறகும் அடிமை முறை ஒழியவில்லை.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அதைத் தாண்டினால் சித்தேரி மலை, அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011-ல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-ல். தங்கள் உடம்புக்கு நேர்ந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அந்தப் பெண்கள் அந்தத் தீர்ப்பைப் பெற்றார்கள். சீருடைக்காரர்களின் மறுப்புக்கு அந்த விலை கிடையாது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. வாச்சாத்திப் பெண்கள் தாங்களாகவே நீதி கேட்டுப் போனவர்கள், அடிமைப் பெண்கள் இழுத்துவரப்பட்டவர்கள். ஆனாலும் யார் சொன்னால் போதும், யார் நிரூபிக்க வேண்டும் என்ற பட்டியல் அதிகம் மாறவில்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்த மாணவிக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. “அப்புறம் அவங்கள என்ன பண்ணாங்கக்கா?”

பிளினி எழுதவில்லை. டிராஜனின் பதிலும் கையில் இருந்தது, அதையும் வாசித்தோம். சில வரிகள்தான். கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், நிரூபணமானால் தண்டியுங்கள், பெயரில்லாத புகார்க் கடிதங்களை ஏற்காதீர்கள், அது நம் காலத்துக்கு அழகல்ல என்கிறார். அந்த இரண்டு பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.