உருவமும் உயிரும்

ஒருவரது உடம்பின் தோற்றம் அவரது உண்மை இயல்பை அறிதற்குக் கருவியாகுமா, ஆகாதா என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதொரு வினா. உடம்பு வேறு, உயிர் வேறு என்பதனைச் சித்தாந்த நூல் பயிலத் தொடங்கிய சிறாரும் சொல்வர். ஆயினும் எதிர்ப்பட்ட ஒருவரை நோக்கிய அளவில், அவரது நிறம், மேனி, உடை, நோய்க்குறி என்பவற்றையே அவராகக் கொண்டு மதித்தலும் இகழ்தலும் செய்கின்றோம். நூலறிவு ஒன்றாகவும் வழக்கம் மற்றொன்றாகவும் நிற்றல் சைவர்க்கு அழகன்று. ஆகலின் இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

உடம்பு மாயையினின்றும் தோன்றியது. வினைக்கீடாக இறைவனால் உயிர்க்குக் கூட்டப்பட்டது. ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு அது விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வது. அகல் பொன்னாலாயது, மண்ணாலாயது என்பது கொண்டு, அதனை ஏந்தி நடப்பான் இன்னான் என்று துணிதல் கூடுமோ? இனி, உயிரின் இயல்பு யாதெனின், சார்ந்ததன் வண்ணமாய் நிற்றல். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தையே தன் நிறமாகக் காட்டுதல் போல, உயிரும் மலத்தைச் சார்ந்தவழி மலத்தின் வண்ணமாகவும், சிவத்தைச் சார்ந்தவழிச் சிவத்தின் வண்ணமாகவும் நிற்கும். எனவே, ஒருவர் யார் என்னும் வினாவுக்கு, அவர் எதனைச் சார்ந்து நிற்கின்றார் என்பதே விடையாம். அச்சார்பு கட்புலனாவதன்று.

அற்றேல், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரது திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனாகவே கண்டு வழிபட விதித்தது என்னை? திருநீறும் கண்டிகையும் சடையும் புறத்தோற்றமே யன்றோ எனின், கூறுதும். திருவேடம் அணிந்தாரது அகத்துக்கு அளிக்கப்பட்ட நற்சான்று அன்று. காண்பாரது நினைவைச் சிவன்பால் திருப்பும் அடையாளமாம். முத்தநாதன் நெஞ்சில் வஞ்சம் இருந்தது; மேனியில் திருநீறு இருந்தது. மெய்ப்பொருள் நாயனார் அவ்வேடத்தை வணங்கினார். அவ்வணக்கத்தால் முத்தநாதன் அடியவனாயினானா? ஆயினானல்லன். வணங்கியவரே மெய்ப்பொருளைக் கண்டார். நரசிங்க முனையரைய நாயனார் திருவாதிரை நாளில் அடியார்க்கு நூறு பொன் வழங்குங்கால், காமக்குறி மலர்ந்த வெற்றுடம்பில் திருநீறு பூசி ஒருவர் வந்தார். அருகிருந்தார் அருவருத்து ஒதுங்கினர். நாயனார் அவர்க்கு இரட்டிப் பொன் அளித்து விடுத்தார். இவ்விடங்களில் வேடம் புலப்படுத்தியது அணிந்தாரது அகத்தை யன்று, கண்டாரது அகத்தையேயாம்.

அங்ஙனமாயின், போலி வேடத்தார் செய்யும் தீங்கினையும் வேடத்தின் பொருட்டுப் பொறுத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. மெய்ப்பொருளாரும் ஏனாதிநாதரும் வேடத்துக்காகத் தம் உயிரைக் கொடுத்தனர். பிறர் உயிரைக் கொடுத்தாரல்லர். வணக்கம் வேடத்துக்குரியது, நம்பிக்கை ஒழுக்கத்துக்குரியது. மாணாக்கரையோ, அறநிலையப் பொருளையோ ஒருவர்பால் ஒப்புவிக்குங்கால் அவரது காவியும் கண்டிகையும் போதிய சான்றாகா. தமக்கு வரும் இழப்பைப் பொறுத்தல் அன்பு. பிறர்க்கு வரும் கேட்டைப் பொறுத்திருத்தல் அன்பன்று. திருமடங்கள் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நன்று.

இதற்குச் சென்னையின் தென்பாலுள்ள பல்லாவரத்திலே ஓர் எடுத்துக்காட்டுண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த வேதாசலனார் 1911-ஆம் ஆண்டில் அப்பணியினீங்கிக் காவியுடுத்துப் பல்லாவரத்தில் உறைவாராயினர். அக்கல்லூரி அந்நாளில் நகரினுள் இருந்தது. தாம்பரத்துக்குப் பெயர்ந்தது 1937-இல். வேதாசலம் என்னும் பெயர் பின்னர் மறைமலை ஆயிற்று. வேதம் மறை; அசலம் மலை. சொல் மாறிற்று, பொருள் மாறவில்லை. அடிகள் மனைவி மக்களோடு இருந்துகொண்டே துறவாடை பூண்டவர். இல்லத்திலிருப்பாரைத் துறவி எனலாமோ என்று ஐயுறுவார் ஆடையையும் வீட்டையும் நோக்குகின்றனர். ஆடை மாறுதற்கு முன்னும் பின்னும், 1950-இல் மறையுமளவும், அடிகளது சார்பு தமிழும் சைவமுமாகவே நின்றது. அவரை அறிதற்கு அதுவே அளவுகோல். காவியும் அன்று, இல்லமும் அன்று.

வேடமாவது விரும்பிப் பூண்பது. விரும்பாமலே உடம்பின்மேல் வந்து ஏறும் வேடமும் ஒன்றுண்டு. அது நோய். இதனைத் தாம்பரம் நன்கு அறியும். 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரிமுத்து என்பார் என்புருக்கி நோயாளர்க்கென அங்கு ஒரு நலவில்லம் நிறுவினார். 1937-இல் அஃது அரசின்பாற் பட்டது. இன்று அது நெஞ்சகநோய் மருத்துவமனையாக விளங்குகின்றது. சானடோரியம் என்னும் பழம்பெயர் அவ்விடத்துப் புகைவண்டி நிலையத்துக்கும் பெயராய் நிலைத்துவிட்டது. இந்நாட்டில் எச்.ஐ.வி. என்னும் கிருமி முதன்முதல் அறியப்பட்டது 1986-இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் அவர்கள் மேற்கொண்ட ஆராய்ச்சியாலாம். அதனை வெளிப்படுத்தியது குருதிச் சோதனையேயன்றி முகத்தோற்றம் அன்று. அந்நோயாளரை 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை ஏற்று வரலாயிற்று.

உற்றாராலும் அயலாராலும் கைவிடப்பட்டு அங்கு வந்தோர் பலர். கண் குழிந்து, தோல் என்போடு ஒட்டிய அவ்வுடம்பைக் கண்டவர், நோயைக் கண்டாரேயன்றி அவரைக் கண்டிலர். 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு, நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் அந்நோய்க்கு மருந்து விலையின்றி வழங்கத் தொடங்கினர். தாம்பரம் அவ்வெட்டனுள் ஒன்று. கிருமி உடம்பை விட்டு முற்றும் நீங்காதாயினும், மருந்தால் அடங்கும். உரிய காலத்தில் மருந்துண்டார் பலர்க்குச் சின்னாளில் தசை ஊறி, முகம் தெளிந்து, பழைய உருவம் மீள்கின்றது. ஈண்டுச் சிந்திக்கத் தக்கது ஒன்று. உடம்பு தேய்ந்தது, பின் வளர்ந்தது. இவ்விரண்டனுள்ளும் தன் மகவைப் பெயர் சொல்லி அழைத்த தாய் ஒருத்தியே. கடனை நினைந்து கவன்ற தந்தை ஒருவனே. தேய்ந்தபொழுது ஒதுங்கி, தேறியபொழுது அணுகிய அயலார் கண்ணே மாறியது; உள்ளிருந்தார் மாறிற்றிலர். தேய்தலும் வளர்தலும் உடைய உடம்பு, அவ்விரண்டினையும் அறிந்து நின்ற உயிராதல் யாங்ஙனம்?

காரைக்காலம்மையார் வரலாறும் இதனையே வலியுறுத்தும். கணவனுக்கென்று தாங்கிய வனப்பினை அவனே வணங்கி விலகியபின், அம்மையார் அதனை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றார். கண்ட உலகத்தார் அஞ்சி ஓடினர். கயிலைப் பெருமானோ அவரை அம்மை என்று அழைத்தருளினார். ஓடினார்க்கும் அழைத்தார்க்கும் முன் நின்ற உருவம் ஒன்றே.

தொழுநோயால் உடல் குறைந்தாரையும் இறைவன்பால் அன்புடையராயின் தாம் வணங்குவதாகத் திருநாவுக்கரசு சுவாமிகள் அருளினர். அன்புடையராயின் என்றமையின், அன்பிலாதாரை இகழலாம்போலும் எனின், அற்றன்று. அன்பு உண்மையும் இன்மையும் நம் கண்ணுக்குப் புலனாவனவல்ல. அன்றியும், அன்பிலாத உயிரிலும் இறைவன் உடனாய் நிற்றலை ஒழிந்தானல்லன். திருவேடத்தைக் கண்டு கை குவிக்கும் சைவர், மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருக்கும் என்புருவத்தைக் கண்டு முகம் சுளிப்பாராயின், முன்னே குவித்த கை சிவத்தை நோக்கிக் குவித்ததாகாது. துணியையும் நீற்றையும் நோக்கிக் குவித்ததாகவே முடியும்.