சேம அச்சு

உமணர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் நெல்லுக்கு மாற்றிய வணிகர்கள். தனியாகப் போகவில்லை, குடும்பத்தோடு வீட்டையே ஓட்டிக்கொண்டு போனார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். இன்றைக்கு யூடியூபில் வேன் டூர் போடுகிறவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு விவரங்கள். மேலே கூரை. கோழி அடைய ஒரு கூடு. தொங்கவிட்ட சின்ன உரல். காடி வைத்த பானை. கையில் குழந்தை வைத்திருக்கும் பெண்ணே மாடுகளை ஓட்டுகிறாள், ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். புறநானூற்றில் ஔவையார் இன்னொரு விவரம் தருகிறார்: அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள வண்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் உபரி அச்சு. சேம அச்சு என்று அதற்குப் பேர். இன்ஜினியராக இருப்பதால் எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் பலமுறை வாசித்த பிறகுதான் உறைத்தது, அந்த வண்டியில் வயதானவர் யாரும் இல்லை. குழந்தை இருக்கிறது, கோழி இருக்கிறது, சிறுபாணாற்றுப்படையில் உமணர் பிள்ளைகளோடு விளையாட ஒரு குரங்குகூட இருக்கிறது. உமணரின் அம்மா எங்கே இருந்தாள்?

என் ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுதான் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் நான்கு வருஷமாக ஒரு வேனில் வாழ்கிறேன். பழைய டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, கூரையில் சோலார், ஒரு பெரிய லித்தியம் பேட்டரி. வேலை லேப்டாப்பில். நெட்வொர்க் இருந்தால் போதும். இதன் அழகைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் அதை விட்டுவிடுகிறேன். அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அம்மாவுக்கு 74. சர்க்கரை, முழங்கால் வலி, இடது கண்ணில் பார்வை கம்மி. உப்பளத்துக்குப் போகும் ரோட்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். 'எப்படிப்பா ரெண்டையும் பேலன்ஸ் பண்ற?' என்று கேட்பவர்கள் நிஜத்தில் கேட்பது வேறு: எப்படிடா உனக்கு மனசு வருது?

இதற்குச் சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் பதிலும் அனுப்பிவிடுகிறார்கள். அதில் முதல் கதை மைசூர் கிருஷ்ணகுமாருடையது. கார்ப்பரேட் வேலையை விட்டுவிட்டு, 2018 ஜனவரியில் அப்பா வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் எழுபது வயதை ஒட்டிய அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பியவர். வாழ்நாள் முழுக்கக் கூட்டுக்குடும்பத்தின் அடுப்படியில் இருந்த அம்மா பக்கத்து ஊர்க் கோவில்களைக்கூடப் பார்த்ததில்லை என்று தெரிந்ததுதான் காரணம். இரண்டாவது கதை அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த நார்மா பாயர்ஷ்மிட். 2015இல் கணவர் இறந்த சமயத்தில் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 90. சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே டிரெய்லரில் வாழ்ந்துகொண்டிருந்த மகன், மருமகளோடு மோட்டார்ஹோமில் ஏறிவிட்டார். ஒரு வருஷம் சுற்றிவிட்டு 2016 செப்டம்பர் 30இல் பயணத்திலேயே இறந்தார்.

இரண்டும் நல்ல கதைகள்தான். ஆனால் அனுப்புகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, 'நல்ல பிள்ளை அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொள்வான்' என்பதை. எனக்குப் படுவது வேறு. அந்த இரண்டு அம்மாக்களும் போக ஆசைப்பட்டார்கள். கதையின் கனம் ஸ்டியரிங்கைப் பிடித்த மகனிடம் இல்லை, சரி என்று சொன்ன அம்மாவிடம் இருக்கிறது.

என் அம்மா சரி என்று சொல்லவில்லை. வேதாரண்யம் வரை ஒருமுறை கூட வந்தாள். மூன்றாம் நாள் திரும்பச் சொல்லிவிட்டாள். கக்கூஸ் பிரச்சினை என்றுதான் நினைத்தேன். அவள் சொன்ன காரணம் வேறு: 'ராத்திரி எழுந்தா கைக்கு செவுரு சிக்கல.' வீட்டில் அவளுக்கு லைட் வேண்டாம். கட்டிலிலிருந்து இடது கை சுவரில் பட்டதும் பாத்ரூம் வரைக்கும் உடம்புக்குத் தெரியும். எங்கே விரிசல், எங்கே காலண்டர் ஆணி, எங்கே படி. நாற்பது வருஷம் சேர்த்து வைத்த அறிவு அது. கண் மங்க மங்க அதன் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. அவளை என் வேனில் ஏற்றினால் அந்தப் பார்வையையும் நான் பிடுங்கிக்கொள்வேன்.

அப்படியென்றால் நான் வீட்டில் இருக்க வேண்டுமா? பட்டிருக்கும் கடனுக்காக? வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஜேன் இங்கிலிஷ் என்ற தத்துவவாதி எழுதிய ஒரு சின்னக் கட்டுரை 1979இல் வெளியானது. கடன் என்று எதுவும் இல்லை என்பது அவர் வாதம். நாம் கேட்டு வாங்காததைக் கடன் என்று சொல்ல முடியாது. பெற்றவர்களுக்குச் செய்வது நட்பிலும் அன்பிலும் இருந்து வருவது, அந்த உறவு இருக்கும்வரை இருப்பது. முதல் பாதி எனக்குச் சம்மதம். பத்து மாதம் சுமந்தேன் என்று இன்வாய்ஸ் நீட்டும் சினிமா அம்மாக்களிடமிருந்து அது நம்மைக் காப்பாற்றுகிறது. இரண்டாம் பாதி இடிக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் நட்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பேச விஷயம் இல்லை. சாமி, சாதி, சம்பளம், என் கல்யாணம் என்று எதிலும் ஒத்துப்போகாது. அவள் என் சிநேகிதியாக இருந்திருந்தால் எப்போதோ தொடர்பு விட்டுப்போயிருக்கும். ஆனாலும் காலை ஏழு மணிக்கு அவளுக்கு 14 யூனிட் இன்சுலின் போட வேண்டும் என்பது என் உடம்பில் அலாரம் மாதிரி இருக்கிறது. அதை நட்பு என்றும் சொல்ல முடியவில்லை.

சட்டத்திடம் கேட்டால் சுலபமான பதில் கிடைக்கும். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை என்று அதில் உச்சவரம்பு. பராமரிக்க வேண்டியவர்கள் பராமரிக்காமல் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. பணம் எவ்வளவு என்று சட்டம் சொல்லும். எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கலாம் என்று சொல்லாது. மகன், மகள் என்ற வித்தியாசமும் அதில் இல்லை. வித்தியாசம் ஊரில்தான் இருக்கிறது. என் தங்கை கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளிடம் யாரும் பேலன்ஸ் பற்றிக் கேட்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண் போய்த்தானே ஆக வேண்டும் என்று அவளுக்கு முன்கூட்டியே மன்னிப்பு கொடுத்தாயிற்று. அந்த மன்னிப்புக்கு விலையாக இன்னொரு வீட்டின் கிழவியை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கன்பூசியஸ் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவருடைய உரையாடல்கள் நூலின் நான்காம் பகுதியில், பெற்றோர் உயிரோடு இருக்கும்போது தூர தேசம் போகாதே என்று ஒரு அறிவுரை. பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு துண்டு இருக்கிறது: போவதாக இருந்தால், போகிற திசை தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பின்பாதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தடை தூரத்துக்கு அல்ல, எங்கே என்று தெரியாமல் போவதற்கு. நம் கொன்றை வேந்தனும் அம்மா அப்பாவைத் தெய்வம் என்று தொடங்கி, பிறகு கடல் தாண்டியாவது பொருள் தேடு என்கிறது. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. சீனத்துக்காரர் குறைந்தபட்சம் ஒரு நிபந்தனை வைத்தார்.

சாஃப்ட்வேர் வேலையில் இதற்கு ஆன்-கால் என்று பேர். உன் வாரம் வரும்போது நீ எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் குறித்த நிமிஷத்துக்குள் பதில் வர வேண்டும். நீ எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு அழைப்பு போகும், அவர் செகண்டரி. நான் அம்மாவை இப்படித்தான் ஏற்பாடு செய்தேன். இன்சுலின் பேனாவைத் திருகி, அதன் கண்ணாடியை அவள் போனுக்குக் காட்டுவாள், நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். அதனால் ஏழு மணிக்கு சிக்னல் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துவதில்லை. காட்டுக்குள், மலை மடிப்பில், ஆள் இல்லாத கடற்கரையில் தூங்குவதெல்லாம் போயிற்று. என் லைவ் லொகேஷனை அவள் பார்ப்பதே இல்லை. 'எப்ப வருவ?' என்று மட்டும் கேட்பாள். ரொம்ப நாள் அது புலம்பல் மாதிரி காதில் விழுந்தது. அவள் தேதி கேட்கிறாள், அவ்வளவுதான். தேதி சொன்னால் அடுத்த வாரம் வரை கேட்பதில்லை.

இதற்கும் நடுவில் அவள் ஒன்று சொல்கிறாள். பேனா திருகும்போது யூனிட்டுக்கு ஒரு 'டிக்' கேட்கிறதாம். எண்ணிக்கொள்வாளாம், போன் வேண்டாமாம். டாக்டர் சத்தத்தை மட்டும் நம்பக்கூடாது என்கிறார். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள்? தன்னால் முடியும் என்பதாலா, அல்லது நான் நிம்மதியாகக் காட்டில் தூங்க வேண்டும் என்பதாலா? முதலாவது என்றால் நான் தலையிடக் கூடாது. இரண்டாவது என்றால் ஏற்கக் கூடாது. அம்மாக்களிடம் இந்த இரண்டையும் பிரித்து வாங்க முடியாது. நான் ஏற்கவில்லை. சரியா என்று தெரியாது, ஏழு மணி வீடியோ தொடர்கிறது.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க இன்னொருவர் மேல் நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா. உப்பளத்தில் வேலை. ஜனவரி கடைசியில் பாத்தி மிதித்துச் சமன் செய்வதில் தொடங்கி, மழை பிடிக்கும்வரை சீசன். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் இறுக்கி, ஏறக்குறைய 25 டிகிரி போமே வந்ததும் உப்பு பூக்கும். ரொம்ப ஏறவிட்டால் மெக்னீசியம் இறங்கிக் கசந்துவிடும். அதனால் பாத்தியை விட்டு நகர முடியாது. விடியும் முன்னால் கிளம்பினால் பதினொரு மணிக்குத்தான் வருவார். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அம்மாவை எட்டிப் பார்ப்பார். அவருக்கும் வீட்டில் ஒரு மாமியார்.

ஆக, வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில் அக்காவுக்குக் காலையில் நேரம் இல்லை. அக்டோபரில் மழை வந்து பாத்திகள் கரைந்தபின் நாள் முழுக்க வீட்டில் இருப்பார், கையில் காசு இருக்காது. அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் எத்தனை நாளுக்கு வரும்? அப்போது அவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு நான் கிளம்பலாம். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இந்தக் கரையில் புயல் வருவதும் அந்த மாதங்களில்தான். 2011 டிசம்பர் 30இல் தானே. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல். அப்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை, உப்பளம் எது, கழுவெளி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். ஆள் கிடைக்கும் காலத்தில் ஆபத்து. ஆபத்து இல்லாத காலத்தில் ஆள் இல்லை.

சீசனிலும் பணம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. 'தம்பி, உப்பு சீசன்ல நான் வந்து பாக்கறது பக்கத்து வூட்டுக்காரியா. பெரியம்மா எனக்கும் எத்தினியோ செஞ்சிருக்கு. மழையில நீ காசு குடுத்தா அது வேல. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத' என்றார். ஜேன் இங்கிலிஷ் பல பக்கங்களில் பிரித்த கோடு இது. அக்காவின் கோடு எனக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது. ஒரே ஆளுக்கு ஒரே வேலையை வேலையாகவும் செய்யலாம், உறவாகவும் செய்யலாம், ஆனால் எந்த மாதத்தில் எது என்று சொல்லிவிட வேண்டும்.

அவரை செகண்டரி என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை. சேம அச்சு சும்மா கட்டிக்கிடக்கும், முறிந்தால்தான் வேலை. அக்கா தினம் சுமக்கிறார். நகர்கிறவர்களுக்குப் பின்னால் நகராத ஒருவர் எப்போதும் இருக்கிறார். உமணர் வண்டி நகர வேண்டும் என்றால் உப்பை விளைவித்தவர் பாத்தியிலேயே நின்றிருக்க வேண்டும். வண்டியில் இல்லாத கிழவிக்குக் கஞ்சி ஊற்றியவரும் அங்கேயேதான் இருந்திருப்பார். வேன் வாழ்க்கையைப் பற்றிய எந்த வீடியோவிலும் அவர் வருவதில்லை. சுதந்திரம் என்று நான் சொல்லிக்கொள்வதில் எத்தனை மணி நேரம் இன்னொரு பெண்ணுடையது என்று கணக்கு வைப்பது எனக்கு இப்போது 'போகலாமா வேண்டாமா' என்பதைவிடப் பெரிய கேள்வி.

இந்த வருஷத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம், அக்காவும் நானும் அம்மாவும் உட்கார்ந்து பேசி. சீசனில் நான் நான்கு மணி நேர ஓட்டத்துக்குள்ளேயே இருப்பேன்: ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தரங்கம்பாடி வரை. மழையில் அக்காவுக்கு மாதச் சம்பளம். நான் வெளியே போகலாம், ஆனால் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று அறிவிப்பு வந்த அன்றே திரும்ப வேண்டும். இது அக்கா போட்ட நிபந்தனை. அவர் இன்னொன்றும் கேட்டார்: அவர் வீட்டுக் கூரை தாங்காது, புயல் நாட்களில் மாமியாரும் எங்கள் வீட்டில் படுக்கட்டும். தானேவுக்குப் பிறகு இந்தப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் வேனை வாசலில் நிறுத்தி, பேட்டரியிலிருந்து வீட்டுக்குள் ஒரு ஒயர் இழுத்திருக்கிறேன். இரண்டு ஃபேன், இரண்டு லைட், இன்சுலின் வைக்க வேனின் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றரை நாள் ஓடும். டிவி ஓடுமா என்று அம்மா கேட்டாள். ஓடும், ஆனால் அக்காவின் மாமியார் பார்க்கும் சீரியலும் அம்மாவின் சீரியலும் ஒரே நேரத்தில் வேறு வேறு சேனலில் வருகின்றன. அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.