வாய்க்கால் வாருவோனும் தண்ணீரும்

காவிரி நாட்டில் மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் அடைத்து ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். நீர் வருமுன் வாய்க்கால்களைத் தூர்வாரிவிட வேண்டும்; இன்றேல் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அவ்வணை 1934-ல் எழுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இவ்வேலையை ஊரார் தாமே செய்துவந்தனர். குடிமராமத்து என்பது அதன் பெயர். 1858-ல் சென்னை ராஜதானியில் பிறந்த கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி கடமைப்பட்டவன் வேலைக்கு வராவிடில் அவ்வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்டவேண்டும் என்றது.

சட்டத்தால் வாங்கும் உழைப்பு கடமையாகுமா என வினவுவோர் உளர். நம்மை உறுத்துவது வேறொன்று. கடமை நிலமுடையவன் பேரில் இருந்தது. பல ஊர்களில் சேற்றில் இறங்கியவனோ அவனுடைய பண்ணையாள். ஏரி மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியும் பல இடங்களில் ஒடுக்கப்பட்ட குலத்தவனே. அவன் ஊர்ப் பொதுக்கிணற்றில் குடம் முக்கலாகாது! மடை திறக்கும் கை சுத்தம், குடம் தொடும் கை தீட்டு. இத்தர்க்கத்தை எந்தப் பள்ளியில் கற்றனரோ!

1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார். 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வழக்கை அவர் பக்கமே தீர்த்தது.

ஆயின் உழைத்தவனுக்கே தண்ணீர் என்று சொல்லிவிடலாமா? அங்ஙனமாயின் நோயாளிக்கும் குழந்தைக்கும் ஒரு மிடறும் கிடையாது. குடிக்கும் உரிமையைத் தருவது தாகமே. உழைப்பு தருவது மற்றோர் உரிமை: அந்நீர் எவ்வாறு காக்கப்பட வேண்டும் எனச் சொல்லும் வாக்கு. முன்னதை மறுத்தது கொடுமை என்பதை இன்று எல்லோரும் ஒப்புவர். பின்னதைப் பற்றியோ பேச்சே இல்லை.

இது தாய்நாட்டுக் கதை மட்டுமன்று. கிள்ளான் கரையோரத்திலும் கேரித் தீவிலும் நிலம் தாழ்ந்தது. கடலைத் தடுக்கும் வரம்பும், நீரேற்ற வற்றத்திற்கேற்பத் திறந்து மூடும் மதகும் இன்றேல் அங்கே பயிர் இல்லை. நம் பாட்டன்மார் அக்களிமண்ணில் கால்வாய் வெட்டினர். இன்று வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்களை நாம் அழைக்கும் பெயர்களைக் கேட்டால் பழைய ஊர்க்கிணற்றங்கரை நினைவுக்கு வருகிறது.

பிரிக்பீல்ட்ஸில் குழாயைத் திருகுகிறோம், கட்டணம் செலுத்துகிறோம். நம் குடிமராமத்து அவ்வளவே. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோதுதான், குழாய்க்குப் பின்னால் ஓர் ஆறு உண்டென்பது பலருக்கு விளங்கிற்று.

நான் கணக்கெழுதும் தோட்டத்தில், ஐப்பசி மழைக்கு முன் கால்வாய் வாருவோர் பெயர்களெல்லாம் செக்ரோலில் ஏறுகின்றன. வரம்பு எங்கே கசிகிறது, எந்த மதகின் பலகை உளுத்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதைப் பேசும் கூட்டத்திற்கு அழைக்கப்படுவோர் மண்டோரும் கிராணியும் மட்டுமே.