பளபளப்பு மங்குவதற்குள்

விரல்நுனிப் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. ஒரு முனையில் வளைந்த மூக்கு; மறுமுனையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. உள்ளே அரை கிராமுக்கும் குறைவான கண்ணாடிப் பொடி. அதே குப்பிக்குள் வேறோர் அறையில், பொடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராத அமிலக் கரைசல். இரண்டுக்கும் நடுவே, அழுத்தினால் கிழிந்துவிடும் மெல்லிய தடுப்பு. சொத்தைப் பல்லை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இப்படியும் பல் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. மருத்துவர்கள் இதைக் கேப்ஸ்யூல் என்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் மல்லாந்திருப்பவர் இதைப் பார்ப்பதே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது தலைக்கு மேலுள்ள விளக்கு மட்டும்.

சுவர் என்றால் நிற்பதற்குக் கட்டுவது. இந்தச் சுவர் இடிவதற்கென்றே கட்டியது. ஆனால் இடியும் நாள்வரை ஒரு துளிகூடக் கசியவிடக் கூடாது. கிடங்கில் வெக்கை தாங்கி, கூரியர் பையில் குலுங்கி, மருத்துவமனை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். ஒட்டாத இரண்டைப் பிரித்துவைக்க யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. இந்த இரண்டும் தொட்ட மாத்திரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். தொடங்கினால் பிறகு யார் சொன்னாலும் நிற்காது.

பாட்டிமாரின் வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்புக்குத் தனிக் கரண்டகம் உண்டு. பாக்கு ஓர் அறையில், வெற்றிலை ஈரத்துணியில். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், ஆனாலும் தனித்தனியாக. சிவப்பு நிறம் பெட்டிக்குள் வராது, வாய்க்குள்தான் வரும். கேப்ஸ்யூலின் சூத்திரமும் ஏறக்குறைய அதுதான்.

முதலில் கேப்ஸ்யூல் காவல் காத்தது பாதரசத்தை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் சொத்தைப் பல்லை அமால்கத்தால் அடைத்துவந்தது. வெள்ளி, வெள்ளீயம், செம்பு சேர்ந்த உலோகப் பொடி. அதோடு கிட்டத்தட்ட அதே எடைக்குப் பாதரசம். 1833இல் கிராக்கூர் சகோதரர்கள் இதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனபோது அங்கே பல் மருத்துவர்கள் இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டார்கள். அமால்கத்தைத் தொடமாட்டேன் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்கிய சங்கம் 1856இல் கலைந்தே போனது. 1890களில் ஜி. வி. பிளாக் என்ற பல் மருத்துவர் உலோகங்களின் விகிதத்தை ஆராய்ந்து ஒழுங்குபடுத்திய பிறகு அமால்கம் காலூன்றிவிட்டது. அந்தச் சண்டையைவிட, அதைக் கலந்த விதம்தான் எனக்கு முக்கியம்.

கல்வத்தில் பொடியைக் கொட்டி, மேலே பாதரசத்தைச் சொட்டவிட்டுக் குழவியால் தேய்ப்பார்கள். மினுமினுவென்று திரண்டதும் துணியிலோ மெல்லிய தோலிலோ வைத்து முறுக்குவார்கள். மிகுந்த பாதரசம் மணிமணியாக வெளியே வரும். கலவையை உள்ளங்கையில் உருட்டியவர்களும் உண்டு. கைதவறிச் சிந்திய மணி தரையின் இடுக்குக்குள் ஓடி ஒளிந்துகொண்டு, அங்கிருந்தபடியே ஆவியாகிக்கொண்டிருக்கும். நோயாளி அரைமணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். மருத்துவரும் உதவியாளரும் பொழுதுக்கும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

கேப்ஸ்யூல் இதை மாற்றியது. பாதரசத்தைப் பிளாஸ்டிக் படலப் பைக்குள் அடைத்து, பொடியோடு ஒரே குப்பியில் வைத்தார்கள். இயந்திரம் குலுக்கும் வேகத்தில் பை கிழியும், உள்ளேயே இரண்டும் சேரும், கை படாது. கொடைக்கானலில் பாதரசக் கழிவுச் சர்ச்சையால் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் கதை தெரிந்த நமக்கு, சிந்திய பாதரசம் இலேசில் போகாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பாதரசத்தை உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், அளந்து அடைத்த கேப்ஸ்யூலில் வரும் அமால்கத்தை மட்டுமே அனுமதித்தது. 2025 முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை இருந்தாலொழிய, அதுவும் கூடாது என்றுவிட்டது. காவல்காரன் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தான். காவலில் இருந்த பொருள்தான் ஊருக்கு வேண்டாததாகிவிட்டது.

இன்னொன்றையும் கேப்ஸ்யூல் காக்கிறது: அளவை. கிளாஸ் அயனோமரைக் கையாலும் கலக்கலாம். நம் பக்கத்து மருத்துவமனைகள் பலவற்றில் இன்றைக்கும் அப்படித்தான். வழவழப்பான தாள் அட்டை, சிறு கரண்டியால் ஒரு தலைவழித்த அளவு பொடி, சீசாவைக் கவிழ்த்து ஒரு சொட்டுத் திரவம், பிளாஸ்டிக் ஸ்பாட்சுலா. அரை நிமிடத்துக்குள் கலந்து முடித்தாக வேண்டும். இந்த இடத்தில் கைக்கு ஒரு சபலம் வரும். சற்றுத் தளர்வாக இருந்தால் கலப்பது சுலபம், குழிக்குள் வைப்பதும் சுலபம். ஆகவே பொடி கொஞ்சம் குறையும். இன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அடைப்பு முன்கூட்டியே தேயும்போதுதான் தெரியும். அதற்குள் அந்தக் கை எத்தனையோ பற்களைத் தாண்டிப் போயிருக்கும்.

கையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தை அழுகிறது, எச்சில் ஊறுகிறது, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அந்த நேரத்தில் விகிதத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கையின் தலையில் கட்டியதுதான் தப்பு. கேப்ஸ்யூலில் அந்தத் தீர்மானத்தை யாரோ, எங்கோ, எந்தக் குழந்தையும் அழாத அறையில் தராசின் முன்னால் நின்று எடுத்துவிடுகிறார்கள். பரபரப்பில் இருப்பவருக்கு மிஞ்சுவது அழுத்துகிற வேலை மட்டும்.

அதற்காகக் கேப்ஸ்யூலைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். விலை கூடுதல். குழி கடுகளவு இருந்தாலும் முழுக் கேப்ஸ்யூலையும் உடைத்தாக வேண்டும்; மிச்சம் பிளாஸ்டிக்கோடு குப்பைக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, குலுக்க மின்சாரம் வேண்டும். 1980களின் நடுவில் தான்சானியாவில் ஜோ ஃபிரென்கன் என்ற பல் மருத்துவரும் உடனிருந்தவர்களும் மின்சாரம், சுழலும் துரப்பணம் இரண்டும் இல்லாமலே சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, கையால் கலந்த சிமெண்ட்டால் அடைக்கும் முறையைத் தொடங்கினார்கள்; பின்னர் அந்தச் சிமெண்ட்டின் இடத்துக்குக் கிளாஸ் அயனோமர் வந்தது. எத்தனையோ நாடுகளின் பள்ளிக்கூடத் திண்ணைகளுக்கு அந்த முறை போய்ச் சேர்ந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தச் சிமெண்டைச் சேர்த்தபோது, அதை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததில் கேப்ஸ்யூலே இல்லாத அந்தக் கைகளுக்கும் பங்கு இருந்தது. ஆகவே குப்பியின் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பதைவிட, அது இவ்வளவு பொத்திப் பொத்திக் காக்கிற பொருளைக் கவனிப்பதுதான் உசிதம்.

அந்தப் பொருள் லண்டனில், அரசு ரசாயன ஆய்வகத்தில் பிறந்தது. அங்கே பணியாற்றிய ஆலன் வில்சனும் பிரையன் கெண்டும் 1960களின் கடைசியில் உருவாக்கி, 1970களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தார்கள். அப்போது முன்பற்களை அடைக்க சிலிகேட் சிமெண்ட் இருந்தது. பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகும், ஆனால் பல்லில் ஒட்டாது. 1968இல் டென்னிஸ் ஸ்மித் கொண்டுவந்த துத்தநாக சிமெண்ட்டில் பாலிஅக்ரிலிக் அமிலம் இருந்தது. பல்லில் ஒட்டும், ஆனால் நிறம் ஒத்துவராது. ஒன்றிலிருந்து கண்ணாடிப் பொடியையும் மற்றதிலிருந்து அமிலத்தையும் எடுத்துச் சேர்த்தார்கள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. தொடக்கத்தில் அந்தக் கலவை இறுகுவதற்கு அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டது. அமிலமும் சீசாவில் இருந்தபடியே கெட்டிப்பட்டுவிடும். டார்டாரிக் அமிலத்தைச் சிறிது சேர்த்துத்தான் இறுகும் நேரத்தை வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டும் சேர்ந்ததும் அமிலம் கண்ணாடித் துகளின் மேல்தோலை அரிக்கிறது. அரித்த இடத்திலிருந்து கால்சியமும் அலுமினியமும் வெளியே வந்து அமிலத்தின் நீண்ட சங்கிலிகளைப் பிணைக்கத் தொடங்குகின்றன. கால்சியம் சில நிமிடங்களில் வேலையைக் காட்டும். அலுமினியம் நிதானம், அதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு. துகளின் உள்மையம் கடைசிவரை அரிபடாமல் கண்ணாடியாகவே இருக்கும்.

ஒரு மருத்துவமனையில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது. மருத்துவர் குழியைச் சுத்தம் செய்து, மென்மையான அமிலத்தைத் தடவிக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்தார். முழுக்கக் காயவைக்கவும் இல்லை. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுச் சுருளைச் செருகினார். உதவியாளர் கேப்ஸ்யூலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“பஞ்சு வச்சாச்சு. இப்பப் போடும்மா.”

“சரிங்க டாக்டர்.”

உதவியாளர் குப்பியை ஒரு தட்டுத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, தண்டை மேசைமேல் ஊன்றி உள்ளே அழுத்தினார். துப்பாக்கி மாதிரியான கருவியில் வைத்து ஒரு கிளிக். பிறகு இயந்திரத்தில் மாட்டி மூடினார். நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் ஆட்டும் வேகம், பத்து விநாடி, கர்ரென்று சத்தம். மீண்டும் துப்பாக்கிக்கு வந்த குப்பியின் மூக்கிலிருந்து பசை நேராகக் குழிக்குள் இறங்கியது. மருத்துவரின் கண் குழியில் இருந்ததைவிடப் பசையின் மேற்பரப்பில்தான் அதிகம் இருந்தது. அது ஈரமாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பு இருக்கும்போதே வைத்து முடித்துவிட வேண்டும், மங்கிய பிறகு வைப்பதும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான் என்றார். கையில் இருப்பது ஏறத்தாழ இரண்டே நிமிடம்.

காரணம் எளிது. பசையில் இன்னும் எதனோடும் பிணையாத அமிலக் கைகள் மிச்சம் இருப்பதன் அடையாளம்தான் அந்தப் பளபளப்பு. பல்லும் கால்சியத்தால் ஆனது. கண்ணாடியின் கால்சியத்தைப் பிடிக்கிற அதே கை பல்லின் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும், அது இன்னும் காலியாக இருந்தால். பளபளப்பு மங்கிவிட்டால் கைகள் எல்லாம் ஏற்கெனவே பிணைந்து முடித்துவிட்டன என்று பொருள். அதன் பிறகும் பசையைக் குழிக்குள் திணிக்கலாம். அதுவும் இறுகும், கல்லாகவே ஆகும். ஆனால் பல்லைப் பற்றாது. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அமால்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உறுதியில் அதற்கு இந்தச் சிமெண்ட் கிட்டே வராது. ஆனால் அமால்கம் தனக்குள்ளேயே முழுமையாகி முடிகிற பொருள். அதன் உலோகங்களுக்கு ஒன்றோடொன்றுதான் உறவு, பல்லோடு எந்தப் பேச்சும் இல்லை. அது கீழே விழாமல் இருக்க, குழியின் வாய் குறுகி அடி அகலுமாறு பல்லைக் குடைய வேண்டும். சொத்தை போன இடம் மட்டும் போதாது, நல்ல பல்லும் கொஞ்சம் போகும். தானே முடிந்துபோன ஒன்றை உள்ளே நிறுத்திவைக்க, இடம் கொடுத்தவர்தான் தன் சதையைச் செதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குறையோடு வருவதுதான் பற்றிக்கொள்கிறது. இதைக் கண்ட பிறகு எனக்குப் பல்லைத் தாண்டியும் பல விஷயங்கள் விளங்கின. துக்க வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் வாசலிலேயே முழுப் பேச்சோடு வருவார்கள். விதி, வயது, பிள்ளைகளின் எதிர்காலம், எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர்கள் களைத்துப் போயிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கத் தங்கள் துக்கத்தை அங்கங்கே குடைந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும். இன்னொருவர் வருவார். என்ன சொல்வதென்று அவருக்கே தெரியாது. ஓரமாக உட்கார்ந்து, “கடைசியா என்ன சாப்பிட்டாரு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இருக்கும் பிடி மற்றவரின் முழுப் பேச்சுக்கும் இருக்காது. பாடம் நடத்துவதும், கல்யாணம் செய்துகொள்வதும், ஊர் மாறிக் குடிபோவதும்கூட இப்படித்தான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருகிறவரை மரியாதையாக நடத்தலாம், அவரோடு சேர்ந்துகொள்ள முடியாது.

ஆனால் இதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பக் கூடாது. கேப்ஸ்யூலில் இருப்பது ஏனோதானோ என்று விட்ட குறை இல்லை. பொடியின் துகள் அளவு, அமிலத்தின் அடர்த்தி, தடுப்பின் மெல்லிய தன்மை, எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, கடைசி ஒரே ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்தப் படி நடக்க வேண்டிய இடம் பல். துக்க வீட்டு ஓரத்தில் உட்கார்ந்தவரும் ஒன்றும் தெரியாதவர் இல்லை. தனக்குத் தெரிந்ததை அங்கே முடித்துவிடாமல் வைத்திருந்தவர், அவ்வளவுதான்.

அடைத்தவுடன் மருத்துவர் அதன்மேல் காப்புப் பூச்சு ஒன்றைத் தடவினார். வாஸ்லின் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் சில மணி நேரத்தில் எச்சில் அதிகம் பட்டாலும் கெடும், அடியோடு காய்ந்தாலும் வெடிக்கும். இன்றைக்கு அந்தப் பக்கம் கடிக்காதீங்க என்று சொல்லி அனுப்பினார். அலுமினியம் தன் வேலையை நாளை வரைக்கும், அதற்குப் பின்னும் பார்த்துக்கொண்டிருக்கும். வாயிலிருக்கும் ஃபுளோரைடை வாங்கிவைத்துத் திருப்பித் தருவதும் இந்தச் சிமெண்டின் வழக்கம்.

என்றாவது ஒருநாள் இந்த அடைப்பும் உடையும். அப்படி உடையும்போது அது பெரும்பாலும் பல்லும் சிமெண்ட்டும் சேரும் எல்லையில் பிரிவதில்லை. சிமெண்ட் தன் உடம்புக்குள்ளேயே விரிசல் விட்டு உடைகிறது. பெரிய துண்டு கழன்று வந்துவிடும். குழி காலியாகிவிட்டது என்றே நாக்கு நினைக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் குழியின் சுவரில் ஒரு மெல்லிய படலம் பல்லை விடாமல் அப்படியே இருக்கும்.